ஹானர்ஸ் புரோகிராமில் கிரேட் புக்ஸ்: பொண்ணைச் சேர்க்கலாமா?

#1 பாளை_வேர்

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இருக்கிறது ஹூஸ்டன், சொந்த ஊர் பாளையங்கோட்டை. மகளுக்கு ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைச்சிருக்கு. மேஜர், அதாவது முதன்மைப் பாடம், உயிரியல். அதுக்கப்புறம் மெடிக்கல் ஸ்கூல் போகணும்னு ஆசை. கூடவே அங்கே நல்லாப் படிக்கிற பிள்ளைங்களுக்குன்னு இருக்கிற ஹானர்ஸ் புரோகிராமிலும் அவளை எடுத்திருக்காங்க. அந்த புரோகிராம் முழுக்க கிரேட் புக்ஸ்தான். லெக்சர் கிடையாது, பாடப்புத்தகம் கிடையாது. ஹோமர், பிளேட்டோ, வெர்ஜில், அகஸ்டின், தாந்தே என்று மூல நூல்களையே படிச்சிட்டு வந்து வட்டமா உட்கார்ந்து பேசணும்.

போன வாரம் பெற்றோரையும் ஒரு வகுப்பில் உட்கார விட்டாங்க. ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதுக்கப்புறம் கிட்டத்தட்ட வாயே திறக்கல. பிள்ளைங்க ரெண்டு மணி நேரத்துக்கு மேல பேசினாங்க. கடைசியில் விடை என்னன்னு யாரும் சொல்லாமலே எழுந்து போயிட்டாங்க. எனக்கு ஒண்ணும் ஓடல.

என் கவலை ரெண்டு. ஒண்ணு, டாக்டருக்குப் படிக்கப் போற பிள்ளைக்கு இவ்வளவு வாசிப்பு தாங்குமா? ரெண்டாவது, ஊர்ல இருக்கிற ஆச்சி போன்ல கேட்டாங்க: "கிறிஸ்தவக் காலேஜ்னு சொல்லிட்டு முதல் வருஷமே கிரேக்கச் சாமி கதையா சொல்லிக் குடுக்காங்க?" அவங்களுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. இப்படிப் படிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

#2 ஸ்டெத்தும்_சிலேட்டும்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன், நான் இன்டர்னல் மெடிசின். மெடிக்கல் ஸ்கூல் சேர எந்த மேஜரும் தடை இல்லை. உயிரியல், வேதியியல், இயற்பியல் கோர்ஸ்கள் முடிச்சிருக்கணும், எம்கேட் என்ற நுழைவுத் தேர்வை நல்லா எழுதணும், அவ்வளவுதான். அந்த எம்கேட்டில் கார்ஸ் என்று ஒரு பகுதி இருக்கு. 90 நிமிஷத்தில் 53 கேள்வி. தத்துவம், வரலாறு, கலை பற்றிய பத்திகளைக் கொடுத்து, இவர் என்ன வாதிடுறார், எங்கே இடறுறார்னு கேட்பாங்க. மனப்பாடம் அங்கே உதவாது. அறிவியல் மட்டுமே படிச்ச நம்ம பிள்ளைங்க நிறையப் பேர் விழுறது அங்கேதான். நாலு வருஷம் பிளேட்டோவோட மல்லுக்கட்டின பிள்ளைக்கு அந்தப் பகுதி பயமா இருக்காது.

ஆனா ஒண்ணு. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எடுக்கிற செமஸ்டரில் ஹானர்ஸ் வாசிப்பு எவ்வளவு வருதுன்னு முன்கூட்டியே கேட்டு வச்சுக்கோங்க. ரெண்டும் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிச்சா கஷ்டம்.

#3 வாசிப்புமேசை

அண்ணா, நான் இதே மாதிரி ஒரு புரோகிராமில் கலிபோர்னியாவில் நாலு வருஷம் படிச்சேன். மேஜர் நர்சிங். இப்போ ஐசியூவில் வேலை. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

நீங்க பார்த்த அந்த வகுப்பு உங்களுக்குப் புரியாம போனதில் ஆச்சரியமே இல்லை. முதல் மூணு மாசம் எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நம்ம வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வகுப்புன்னா வாத்தியார் சொல்லணும், நாம எழுதணும். இங்கே ஆசிரியருக்குப் பேரே டியூட்டர்தான். ஒரு கேள்வியோட வருவார். அந்தக் கேள்விக்கு விடை அவருக்கே தெரியாம இருக்கலாம்.

ஒரு நாளை மட்டும் சொல்றேன். பழைய காலத்து ஆயர் அகஸ்டின் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதின அறிக்கைகள் நூல். ரெண்டாம் பாகத்தில், 16 வயசில் கூட்டாளிகளோட பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடினதைப் பற்றி எழுதுறார். பசிக்குத் திருடல. திருடி, பெரும்பாலும் பன்றிங்க கிட்ட வீசிட்டாங்க. அந்தச் சின்னத் திருட்டைப் பற்றிப் பக்கம் பக்கமா அழுறார். எங்க டியூட்டர் கேட்ட கேள்வி: "பேரிக்காய்க்கு ஏன் இத்தனை பக்கம்?"

நாங்க பாவத்தோட இயல்பு, கூட்டாளிகளோட சேர்க்கை, ஏதேன் தோட்டம்னு ஒரு மணி நேரம் சுத்தினோம். அப்போ அதுவரை வாயே திறக்காத ஒரு பொண்ணு புத்தகத்தை ஆறாம் பாகத்துக்குத் திருப்பினா. "பேரிக்காய்க்கு இத்தனை பக்கம் எழுதினவர், பத்து வருஷத்துக்கு மேல கூட வாழ்ந்து, தன் பிள்ளையையும் பெத்த பெண்ணோட பேரை ஏன் ஒரு இடத்தில்கூட எழுதல?"

அறை அமைதியாயிடுச்சு. மிலான் நகரத்தில் அகஸ்டினுக்கு வசதியான இடத்தில் கல்யாணம் பேசுறாங்க. அதுக்குத் தடையா இருக்கிறாள்னு அவளை ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பிடுறாங்க. பிள்ளை அப்பாகிட்டயே இருக்கான். இனி வேற ஆணை அறியமாட்டேன்னு சபதம் செஞ்சிட்டு அவ போறா. அவளோட ஒட்டியிருந்த இதயம் கிழிஞ்சு ரத்தம் வழிஞ்சதுன்னு எழுதுறார். பேர் மட்டும் இல்லை.

இன்னொருத்தன் சொன்னான்: "போன மாசம் வெர்ஜில் படிச்சோமே. அந்தக் காவியத்தோட நாயகன் ஈனியஸ், கார்த்தேஜில் தன்னைக் காதலிச்ச அரசி டைடோவை விட்டுட்டுக் கப்பலேறிப் போறான், தெய்வக் கட்டளைன்னு. அவ சிதை அடுக்கி, அதுமேல ஏறி உயிரை விடுறா. சின்ன வயசில் அந்த டைடோவுக்காக அழுதேன்னு அகஸ்டின் முதல் பாகத்திலேயே சொல்றாரே." உடனே வேற ஒருத்தி அஞ்சாம் பாகத்தைப் பிரிச்சா. அங்கே அகஸ்டினே கார்த்தேஜில் இருந்து தாய் மோனிக்காவிடம் பொய் சொல்லிட்டு ராத்திரியில் கப்பலேறுறார். விடிஞ்சதும் தாய் கரையில் நின்னு அழுறா. ஈனியஸ் கதையில் அழுத பையன், வளர்ந்து அதே துறைமுகத்தில் அதையே செய்றான். அது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் எழுதுறார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரல. வெர்ஜிலை முழுசா படிச்சிருந்ததாலதான் அகஸ்டின் திறந்தார். அடுத்த செமஸ்டரில் தாந்தேயோட மறுவுலகப் பயணக் காவியத்தில், வழிகாட்டியா வந்த வெர்ஜில் சொர்க்கத்துக்குள்ள நுழைய முடியாம சொல்லாமக்கொள்ளாம மறைஞ்சு போற இடம் வரும்போது எங்களில் பாதிப் பேர் அழுதோம். முதல் வருஷத்தில் இருந்து அவரைத் தெரியுமே!

அகஸ்டின் பற்றிப் பேசின அன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட போன்ல சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசல. "மாதவி மாதிரி இருக்குடி. அவளும் அவன் போனப்புறம் துறவுக்குப் போயிட்டா. ஆனா இளங்கோ அவளுக்குப் பேர் குடுத்தாரு, சாத்தனாரு அவ மகளுக்குக் காப்பியமே எழுதினாரு" என்றாங்க. அம்மா எட்டாவது வரைதான் படிச்சாங்க. மறுநாள் அந்த அறையில் நான் அம்மா சொன்னதைச் சொன்னேன். அது இன்னும் முக்கால் மணி நேரம் ஓடுச்சு.

#4 எதிர்க்கேள்வி

வாசிப்புமேசை எழுதியது அழகாக இருக்கிறது. ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நான் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பிக்கிறேன்.

இத்தகைய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆசிரியர்கள் விசுவாச அறிக்கையில், அதாவது கிறிஸ்தவ நம்பிக்கைகளை ஏற்கிறேன் என்ற உறுதிமொழியில், கையெழுத்திட்டே வேலைக்குச் சேர்கிறார்கள். எந்த முடிவுக்கு வரக் கூடாது என்பது முன்பே தீர்மானமான இடத்தில், கேள்வி கேட்டே கற்பிக்கும் இதைச் சாக்ரடீஸ் முறை என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? சாக்ரடீஸ் நஞ்சு குடித்ததே ஊர்த் தெய்வங்களை மதிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில்தான்.

இரண்டாவது, பட்டியல். யார் தீர்மானித்தது? ஹோமரில் தொடங்கி ஐரோப்பாவிலேயே சுற்றி முடிகிறது. பிரிட்டானிகா நிறுவனம் 1952-ல் 54 தொகுதிகளாக மேற்கின் பெருநூல்களை வெளியிட்டபோது அதில் ஒரு பெண் எழுத்தாளர்கூட இல்லை. அதைப் படித்தவர் தன்னை முழுமையாகப் படித்தவராக நினைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் விஷயத்தில் இது கூடுதலாக யோசிக்க வேண்டியது.

#5 திருமறை_வாசகன்

ஓய்வுபெற்ற சபை ஊழியன் நான். ஆச்சியின் கேள்விக்கு மட்டும் சொல்ல விரும்புகிறேன். அந்த அம்மாள் கேட்டது அற்பமான கேள்வி அல்ல. சபை 1,800 ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. ஏறத்தாழ கி.பி. 200-ல் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் இதையேதான் கேட்டார்: ஏதென்சுக்கும் எருசலேமுக்கும், அதாவது கிரேக்க ஞானத்துக்கும் விசுவாசத்துக்கும், என்ன சம்பந்தம்?

அதற்கு மறுமொழி சொன்னவர்களும் பரிசுத்தவான்களே. செசரியாவின் பசிலியு, இளைஞர்கள் கிரேக்க இலக்கியத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்று ஒரு தனி உரையே எழுதினார். தேனீ எல்லாப் பூவுக்கும் போவதில்லை, போன பூவையும் முழுதாகத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறது, அப்படி வாசியுங்கள் என்றார். அகஸ்டின், இஸ்ரவேலர் எகிப்திலிருந்து புறப்படும்போது பொன்னுடைமைகளைக் கேட்டு வாங்கிச் சென்றதைக் காட்டி, அந்தப் பொன்னை நாம் நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தலாம் என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அப்போஸ்தலர் 17-ஐ ஆச்சியிடம் வாசித்துக் காட்டுங்கள். பவுல் ஏதென்சு பட்டணத்தில் மார்ஸ் மேடையில் நின்று, "உங்கள் புலவர்களிலும் சிலர், நாம் அவருடைய சந்ததியார் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்று பேசுகிறார். அந்தப் புலவர் ஆராட்டஸ். அவர் அந்த வரியைப் பாடியது கிரேக்கரின் தலைமைத் தெய்வமான சேயுஸைக் குறித்து! பவுல் அந்தக் கவிதையை எங்கோ உட்கார்ந்து வாசித்திருக்கிறார் அல்லவா?

நம் மண்ணிலும் இந்த வழக்கம் உண்டு. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ஜான் பனியன் என்ற ஆங்கில எழுத்தாளருடைய மோட்சப் பயணக் கதையை எடுத்துக் கம்பன் வழியில் விருத்தப்பாவாக இரட்சணிய யாத்திரிகம் செய்தார். 1894-ல் வந்தது. கம்பராமாயணத்தில் ஊறாமல் அதை எழுதியிருக்க முடியாது. அவர் ஊர்ப்பக்கத்து ஆச்சிக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும்.

#6 வாசிப்புமேசை

> எந்த முடிவுக்கு வரக் கூடாது என்பது முன்பே தீர்மானமான இடத்தில்

சார், இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கப் போறதில்லை. ரெண்டு அனுபவம் சொல்றேன், ரெண்டும் என் கண்ணால பார்த்தது.

தஸ்தயேவ்ஸ்கியின் கரமசோவ் சகோதரர்கள் நாவல். இவான் தன் தம்பி அல்யோஷாகிட்ட பேசுற இடம். குழந்தைகள் படுற சித்திரவதையை ஒண்ணொண்ணா அடுக்கி, இந்த விலைக்குத்தான் சொர்க்கம்னா நுழைவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துடறேன்கிறான். ஒரு மாணவன் உடனே பதில் சொல்ல ஆரம்பிச்சான். டியூட்டர் நிறுத்தினார். "முதல்ல இவானோட வாதத்தை, இவானே இங்கே உட்கார்ந்து கேட்டா 'ஆமா, நான் சொன்னது இதுதான்'னு ஒத்துக்கிற மாதிரி சொல்லு. அப்புறம் பதில்." 40 நிமிஷம் ஆச்சு. மூணு பேர் முயற்சி பண்ணோம். கடைசியில் ஒருத்தி சரியா சொன்னா. சொன்னதும், பதில் சொல்லக் காத்திருந்தவன் கையை இறக்கிட்டான். அன்னைக்கு விடை இல்லாமதான் வெளியே வந்தோம். ஐசியூவில் ஒரு தாய்கிட்ட நிக்கும்போது, அவசரப்பட்டு ஆறுதல் வசனம் சொல்லாம நிக்க எனக்குக் கத்துக்கொடுத்தது அந்த நாள்தான்.

இன்னொண்ணு. வேற செமஸ்டர், வேற டியூட்டர். ஒரு பொண்ணு, "எனக்கு இப்போ விசுவாசம் இருக்கான்னே தெரியல" என்று வகுப்பில் சொன்னா. அவர் முகம் மாறிடுச்சு. ஜெபம் பண்ணலாம்னு சொல்லி வகுப்பை அஞ்சு நிமிஷம் முன்னாடியே முடிச்சிட்டார். அவ அந்த வருஷத்தோட புரோகிராமை விட்டுப் போயிட்டா. அது தப்பு. இப்பவும் எனக்கு அதில் கோபம் இருக்கு. ஜெபத்தை ஒரு கதவு மாதிரி அவ முகத்துக்கு நேரா சாத்தினது ஜெபத்துக்கே மரியாதை இல்லை.

அதனால அண்ணா, மறுபடி அந்தக் கேம்பஸுக்குப் போனா சிலபஸைக் கேட்காதீங்க, அது இணையத்திலேயே கிடைக்கும். இப்போ படிக்கிற பிள்ளைங்ககிட்ட தனியா கேளுங்க: "உங்க வகுப்பில் ஒருத்தர் 'என்னால இதை நம்ப முடியல'ன்னு சொன்னா என்ன நடக்கும்?" ஒரு இடத்தில் உடனே ஒரு கதை சொல்லுவாங்க. இன்னொரு இடத்தில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவாங்க. அதிலேயே உங்களுக்குத் தெரிஞ்சுடும்.

#7 நூலகத்து_ஜன்னல்

கொஞ்சம் வரலாறு, ஏனென்றால் பலரும் இதைச் சர்ச் கண்டுபிடித்த முறை என்று நினைக்கிறார்கள். ஜான் எர்ஸ்கின் 1920-ல் கொலம்பியா பல்கலையில் தொடங்கிய வகுப்பில் இருந்து வந்தது இது. அங்கே படித்த மார்ட்டிமர் ஆட்லர் சிகாகோவுக்குப் போய் ராபர்ட் ஹட்சின்ஸோடு சேர்ந்து பரப்பினார். 1937-ல் அன்னாபோலிஸில் உள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரி பாடத்திட்டம் முழுவதையுமே இப்படி மாற்றியது. பெயரில் புனிதர் இருந்தாலும் அந்தக் கல்லூரிக்கு எந்தச் சபையோடும் தொடர்பு இல்லை. கிறிஸ்தவப் பல்கலைகள் இதை எடுத்துத் தங்கள் வழியில் வளர்த்தன. கலிபோர்னியாவில் கத்தோலிக்கத் தாமஸ் அக்வைனஸ் கல்லூரி 1971-ல் வந்தது. அங்கே யூக்ளிடின் வடிவியலைக்கூட மூலநூலில் இருந்து மாணவர்களே கரும்பலகையில் நிறுவிக் காட்ட வேண்டும். பயோலா பல்கலையின் டோரி ஹானர்ஸ் 1995. டெக்சஸில் வேக்கோ நகரத்து பேய்லர் பல்கலையில் ஹானர்ஸ் கல்லூரி 2002-ல் அமைந்தது, கிரேட் டெக்ஸ்ட்ஸ் என்று தனிப் பாடமே இருக்கிறது.

ஒரு வித்தியாசம் முக்கியம். தாமஸ் அக்வைனஸ், செயின்ட் ஜான்ஸ் இரண்டிலும் தனி மேஜர் கிடையாது, எல்லோருக்கும் ஒரே படிப்பு. டோரி போன்ற இடங்களில் நீங்கள் எந்த மேஜரையும் வைத்துக்கொண்டு, பொதுப்பாடங்களுக்குப் பதிலாக இதைப் படிக்கலாம். பாளை_வேர் மகளுக்கு இரண்டாவது வகைதான் கிடைத்திருக்கிறது போலிருக்கிறது. அப்படியானால் கூடுதல் சுமை என்று நினைப்பதில் ஒரு பகுதி, எப்படியும் எடுக்க வேண்டிய பொதுப்பாட கிரெடிட்தான்.

எதிர்க்கேள்வி அவர்களுக்கு ஒன்று. பட்டியல் பற்றிய உங்கள் குறை நியாயமானது. ஆனால் மார்ட்டின் லூதர் கிங்கை நினைத்துப் பாருங்கள். 1963 ஏப்ரல், பர்மிங்ஹாம் சிறை. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைக் குறை சொல்லி எட்டு வெள்ளைக்கார மதகுருக்கள் விட்ட அறிக்கை பத்திரிகையில் வந்திருக்கிறது. அந்தப் பத்திரிகையின் ஓரத்திலேயே பதில் எழுத ஆரம்பிக்கிறார். கையில் நூலகம் இல்லை. ஆனாலும் சாக்ரடீஸ் வருகிறார், அநீதியான சட்டம் சட்டமே அல்ல என்ற அகஸ்டின் வருகிறார், அக்வைனஸ் வருகிறார். அவர்களுடைய சொந்தப் பிதாக்களையே அவர்களுக்கு எதிராகச் சாட்சிக்கு நிறுத்துகிறார். கறுப்பின எழுத்தாளர் டு பாய்ஸ் 1903-லேயே எழுதினார்: ஷேக்ஸ்பியரோடு நான் உட்காருகிறேன், அவர் முகம் சுளிப்பதில்லை என்று. இந்த நூல்கள் யாருக்குச் சொந்தம் என்பதை அவர்கள் இருவரும் பட்டியல் போட்டவர்களிடம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

#8 எதிர்க்கேள்வி

கிங் எடுத்துக்காட்டை ஏற்கிறேன். அந்தக் கடிதத்தை நானே முதலாண்டு வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் வைக்கிறேன். விசுவாச அறிக்கை பற்றிய என் சந்தேகம் அப்படியே இருக்கிறது. ஆனால் இவானின் வாதத்துக்கு 40 நிமிடம் ஒதுக்கிய ஆசிரியரைப் பற்றிப் படித்தபோது, என் வகுப்பில் நான் கடைசியாக எப்போது அப்படிச் செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் துறையில் ஒரு வகுப்பில் 90 பேர். 15 பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காரக் கிடைப்பது இன்று பெரிய விஷயம், அது எந்தக் கட்டடத்தில் நடந்தாலும்.

சகோதரருக்கு ஒரு வேண்டுகோள்: மகள் அங்கே சேர்ந்தால், வீட்டில் குறளும் சிலம்பும் ஓரமாகப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாசிப்புமேசையின் அம்மா போன்ற ஒருவர் போனின் மறுமுனையில் இருந்தால் அந்தப் பிள்ளை பட்டியலுக்கு வெளியிலும் யோசிக்கும்.

#9 பாளை_வேர்

எல்லாருக்கும் நன்றி. பதில் போட ரெண்டு மாசம் ஆயிடுச்சு, மன்னிக்கணும்.

தங்கச்சி வாசிப்புமேசை சொன்ன மாதிரியே மறுபடி போய், ரெண்டாம் வருஷப் பிள்ளைங்க மூணு பேரைக் கேன்டீனில் பிடிச்சு அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒரு பையன் சிரிச்சிட்டு, "அங்கிள், அது நான்தான்" என்றான். போன வருஷம் அவன் அப்படிச் சொன்னப்போ டியூட்டர் அவனை வாரா வாரம் காபிக்குக் கூப்பிட்டு, அவன் படிக்க விரும்பின புத்தகத்தையே சேர்ந்து படிச்சாராம். இன்னும் தீரலன்னும் சொன்னான். இன்னும் அதே புரோகிராமில்தான் இருக்கான். சேர்க்கிறதுன்னு முடிவு பண்ணிட்டோம்.

கோடை வாசிப்புக்கு ஹோமரோட ஒடிசி அனுப்பியிருக்காங்க. மகளும் நானும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மேசையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கமா வாசிக்கிறோம். முதல் நாலு காண்டத்தில் கதாநாயகன் ஆளையே காணோம், மகன்தான் அப்பாவைத் தேடி அலையுறான். அது ஏன்னு ரெண்டு நாள் சண்டை போட்டோம்.

ஆச்சிக்கு அப்போஸ்தலர் 17 வாசிச்சுக் காட்டினேன். "பவுல் படிச்சாருன்னா படிக்கட்டும்" என்று சொல்லிட்டாங்க. இப்போ ஞாயிற்றுக்கிழமை போனில் மகள் அவங்களுக்குக் கதை சொல்றா. போன வாரம் ஆர்கோஸ் நாய் கதை. 20 வருஷம் கழிச்சு எஜமான் பிச்சைக்காரன் வேஷத்தில் வாசலுக்கு வர்றான். மகனைத் தவிர ஊரில் யாருக்கும் அவன் யாருன்னு தெரியல. கிழட்டு நாய் மட்டும் கண்டுபிடிச்சு, வாலை ஆட்டி, காதைத் தொங்கப்போட்டு, அப்படியே செத்துப்போகுது. எஜமான் அழுதது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு கண்ணைத் துடைச்சுக்கிறான்.

ஆச்சி எல்லாத்தையும் கேட்டுட்டு, "அவன் இல்லாத அத்தன வருஷமும் அந்த நாய்க்கு யாருட்டி சோறு போட்டா?" என்று கேட்டாங்க.

மகளுக்குத் தெரியல. "இருங்க ஆச்சி" என்று போனை மேசையில் வச்சிட்டு 17-ஆம் காண்டத்தைத் திருப்பித் தேடினா. நாய் கிடந்தது வாசலுக்கு வெளியே, மாட்டுச் சாணமும் கோவேறுகழுதைச் சாணமும் குவிஞ்ச குப்பைமேட்டில், உடம்பெல்லாம் உண்ணி. எஜமான் இல்லாத வீட்டில் வேலைக்காரங்க அதைக் கவனிக்கிறதே இல்லைன்னு பன்றி மேய்க்கிறவன் சொல்ற வரி அங்கேயே இருக்கு. நாங்க ரெண்டு தடவை வாசிச்சும் கண்ணில் படாத வரி. மகள் அதை மெதுவா தமிழில் சொன்னா. அந்தப் பக்கம் ஆச்சி, "அதானே" என்றாங்க.